அட்டவணையும் வரைகோடும்



அட்டவணையில் நிரல் நிரலாக நிற்கும் எண்களைக் கணினியின் துணைகொண்டு கோடுகளாக வரைவது எவ்வாறு, அவ்வாறு வரையும்போது எவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும். கணினி என்றதும் இது பொறியியலாளருக்கும் கணிதம் கற்றவருக்கும் உரிய பேச்சு என்று வானொலியை நிறுத்திவிட வேண்டாம். பேசுகின்ற நான் கலைத்துறைப் பட்டம் பெற்றவன். இந்தப் பொருளில் கணிதம் சிறிதளவே உண்டு. பெரும்பகுதி சரித்திரமும் பூமிசாத்திரமுமே ஆகும். செயற்றிட்டம் எழுதும் உயர்தர வகுப்பு மாணவர்க்கும், மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை வைத்திருக்கும் செயலாளருக்கும் இது பயன்படும்.

எடுத்துக்காட்டாக நம் கிழக்கு மாகாணத்தின் குடிசன மதிப்பீட்டு எண்களையே கொள்வோம். மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை என மூன்று மாவட்டங்கள். இலங்கை முழுவதுக்குமான முதலாவது குடிசன மதிப்பீடு 1871 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நாம் 1881 இலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் 105,358 பேரும் திருகோணமலை மாவட்டத்தில் 22,197 பேரும் இருந்தனர். அதன்பின் 1891, 1901, 1911, 1921, 1931 எனப் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தினால் அடுத்த மதிப்பீடு 1946 வரை தள்ளிப்போயிற்று. பின்னர் 1953, 1963, 1971, 1981 ஆகிய ஆண்டுகளில் எண்ணினார்கள். அதன்பின் நேர்ந்ததைப் பிறகு சொல்வேன்.

ஒரு பொருளின் அளவு காலந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டும் இத்தகைய எண் வரிசையைக் காலத்தொடர் என்பர். பல காலத்தொடர்களை ஒரே தாளில் வரைந்து ஒப்பிடும் முறை கணினியோடு பிறந்ததன்று. வில்லியம் பிளேஃபெயர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 1786 ஆம் ஆண்டில் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபு நூலிலேயே இம்முறை நன்கு விளங்குகிறது. நீராவி இயந்திரத்தினால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாற்றிடம் வரைபடம் வரைபவராகப் பணியாற்றியவர் அவர். டென்மார்க்கு, நோர்வே ஆகிய நாடுகளோடு இங்கிலாந்து நடத்திய வணிகத்தை அவர் இரண்டு கோடுகளால் காட்டினார். ஒன்று இறக்குமதி, மற்றொன்று ஏற்றுமதி. அவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் கண்டவர், இங்கிலாந்துக்குப் பாதகமாயிருந்த வணிகம் சாதகமாக மாறிய காலத்தை ஒரே பார்வையில் அறிந்துகொண்டனர். அதே நூலில் ஸ்கொத்லாந்தின் வணிகத்துக்கு மட்டும் அவர் கோடு வரையவில்லை. சலாகை வரைபு ஒன்றையே வரைந்தார். காரணம் யாதெனில், ஸ்கொத்லாந்துக்கு ஓராண்டின் கணக்கே அவரிடம் இருந்தது. பல ஆண்டுகளின் கணக்கு இல்லாதவிடத்துக் கோடு இழுப்பதற்கு அவர் உடன்படவில்லை. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்பேச்சின் இறுதிவரை இது நமக்குத் துணையாக வரும்.

இனிக் கணினிக்கு வருவோம். இன்று பள்ளி மாணவரும் கற்கும் கணினி மொழிகளுள் ஒன்று பைதன் என்பது. நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ரொசம் 1991 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். மலைப்பாம்பின் பெயர்போல ஒலித்தாலும், ஆங்கில நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்தே அவர் இப்பெயரை எடுத்தார். அட்டவணைகளைக் கையாளுவதற்குப் பைதனில் பாண்டாஸ் என்னும் துணைத்தொகுப்பு உண்டு. வெஸ் மெக்கினி என்பவர் 2008 இல் இதனை ஆக்கத் தொடங்கினார். வரைபு வரைவதற்கு மேட்பிளாட்லிப் என்னும் தொகுப்பு உண்டு. இதனை 2003 இல் வெளியிட்ட ஜோன் ஹன்ரர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளரின் மூளையில் எழும் மின்னலைகளைப் பல கோடுகளாக ஒரே திரையில் காண வேண்டிய தேவையே அவரை இவ்வழியில் செலுத்தியது. நோயாளரின் நலனுக்காகப் பிறந்த கருவி இன்று நம் மாவட்டக் கணக்கையும் வரைகின்றது.

முதலில் அட்டவணையின் வடிவத்தைச் சரிசெய்தல் வேண்டும். ஒரே செய்தியை இரண்டு வடிவங்களில் எழுதலாம். ஒன்றை அகல் வடிவம் என்போம். அதில் ஒவ்வொரு நிரையும் ஓர் ஆண்டுக்கு உரியது. முதல் நிரலில் ஆண்டும், அடுத்த மூன்று நிரல்களில் மூன்று மாவட்டங்களின் சனத்தொகையும் நிற்கும். மற்றொன்று நீள் வடிவம். அதில் மூன்று நிரல்களே உண்டு: ஆண்டு, மாவட்டம், சனத்தொகை. ஒவ்வொரு மாவட்டத்தின் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு நிரை வீதம் அட்டவணை கீழ்நோக்கி நீண்டு செல்லும்.

பல கோடுகளை வரைவதற்கு அகல் வடிவமே எளிது. கணினிக்கு மூன்று ஆணைகள் போதும். கோப்பைப் படி என்பது முதலாவது. ஆண்டு என்னும் நிரலை ஒவ்வொரு நிரைக்கும் அடையாளமாகக் கொள் என்பது இரண்டாவது. வரை என்பது மூன்றாவது. ஆண்டுகள் கிடையச்சில் அமையும். எஞ்சிய நிரல் ஒவ்வொன்றும் தனித்தனி நிறத்தில் ஒவ்வொரு கோடாகும்.

நீள் வடிவத்தை அப்படியே வரையச் சொன்னால் வேடிக்கை விளையும். மாவட்ட வாரியாக அடுக்கப்பட்டிருப்பின், மட்டக்களப்பின் கோடு 2012 வரை சென்று, அங்கிருந்து 1881 க்குத் திரும்பி ஓடித் திருகோணமலையைத் தொடங்கும். காலம் பின்னோக்கி ஓடும் வரைபு அது! ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருப்பின், ஒவ்வோர் ஆண்டிலும் கோடு மேலும் கீழும் பாய்ந்து வாளின் பற்கள்போல் தோன்றும். ஆதலின் நீள் வடிவத்தை முதலில் அகல் வடிவமாகத் திருப்புதல் வேண்டும். அதற்குப் பாண்டாஸில் பிவட் என்னும் ஆணை உண்டு. எந்த நிரல் கிடையச்சுக்கு, எந்த நிரல் கோடுகளின் பெயருக்கு, எந்த நிரல் அளவுக்கு என்று மூன்றையும் சொல்லிவிட்டால் அது திருப்பித் தரும்.

இன்னொரு சிறு குறிப்பு. எண்களின் நடுவே நாம் இடும் காற்புள்ளி கணினியை மயக்கும். காற்புள்ளியால் நிரல்களைப் பிரிக்கும் கோப்பில் 270,493 என்று எழுதினால், 270 ஒரு நிரலென்றும் 493 மற்றொரு நிரலென்றும் கணினி கொள்ளக்கூடும். கோப்பில் எண்களைக் காற்புள்ளியின்றி எழுதுவதே நன்று.

இதுவரை சொன்னவை கைத்திறன். இனி வருவனவற்றைக் கணினி தானாக அறியாது. வரைகின்றவரே அறிதல் வேண்டும்.

முதலாவது, காலத்தின் இடைவெளி. ஆண்டுகளை எண்களாகக் கொடாமல் வெறும் எழுத்துகளாகக் கொடுத்தால், கணினி அவற்றைச் சம தூரத்தில் நிறுத்திவிடும். 1946 க்கும் 1953 க்கும் இடையே ஏழே ஆண்டுகள். 1981 க்கும் 2012 க்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள். இரண்டும் ஒரே அகலமாகத் தோன்றினால் கோட்டின் சரிவு பொய் சொல்லும். மட்டக்களப்பையே பாருங்கள். 1971 இல் 256,721. 1981 இல் 330,333. 2012 இல் 526,567. முதற் பத்தாண்டில் கூடியவர் 73,612 பேர். அடுத்த முப்பத்தொரு ஆண்டில் கூடியவர் 196,234 பேர். சம தூரத்தில் வரைந்தால் பின்னையது முன்னையதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் செங்குத்தாக எழும். மாவட்டத்தின் சனத்தொகை பாய்ந்து பெருகிவிட்டது என்று பார்ப்பவர் எண்ணுவர். ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், முன்னர் ஏறத்தாழ 7,360 பேர். பின்னர் 6,330 பேர். பெருக்கம் சற்றுத் தணிந்தது என்பதே உண்மை.

இரண்டாவது, அளவின் ஒப்பீடு. 1931 இல் மட்டக்களப்பில் 174,929 பேர். திருகோணமலையில் 37,492 பேர். 1946 இல் மட்டக்களப்பில் 203,186 பேர்; திருகோணமலையில் 75,926 பேர். ஒரே நிலைக்குத்தச்சில் வரைந்தால் மட்டக்களப்பின் கோடு உயரத்திலும் திருகோணமலையின் கோடு அடியிலும் நிற்கும். அடியிலுள்ளதைக் கண் பெரிதாக மதியாது. ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் திருகோணமலை இரு மடங்காயிற்று. யுத்தகாலத்தில் அதன் துறைமுகம் பெருங் கடற்படைத் தளமாய் விளங்கியதும், 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் அதைத் தாக்கியதும் சரித்திரம் கற்றோர் அறிந்தவை. இந்த மாற்றத்தைக் காட்டுவதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தொடரையும் அதன் 1931 ஆம் ஆண்டு எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். இரண்டு கோடுகளும் நூறில் தொடங்கும். 1946 இல் மட்டக்களப்பு 116 ஆகவும் திருகோணமலை 203 ஆகவும் நிற்கும். எத்தனை பேர் என்பது கேள்வியாயின் முதல் வரைபு. எத்தனை மடங்கு என்பது கேள்வியாயின் இரண்டாவது வரைபு. எதைக் கேட்கிறோம் என்று தெளிந்த பின்னரே வரையத் தொடங்குதல் வேண்டும்.

மூன்றாவது, பெயர் மாறாமல் பொருள் மாறுதல். 1953 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை 270,493. 1963 இல் அது 196,189. கோடு சட்டெனக் கீழே விழுகின்றது. வெளிநாட்டில் இருந்து இந்த அட்டவணையை மாத்திரம் பெற்ற ஒருவர் இதை வரைந்தால் என்ன நினைப்பார்? பஞ்சமோ கொள்ளைநோயோ வந்து எழுபத்து நாலாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று என்றல்லவா நினைப்பார்! அப்படியொன்றும் நிகழவில்லை. 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் இருந்த இடத்திலேயே இருந்தன. கணக்கேட்டில் மட்டும் வேறு பக்கத்துக்குச் சென்றன. 1963 இல் அம்பாறையில் எண்ணப்பட்டோர் 211,732 பேர். இரண்டையும் கூட்டினால் 407,921. ஏறத்தாழப் பழைய எல்லைக்குள் பத்தாண்டில் பாதிக்குப் பாதி சனத்தொகை பெருகியிருக்கிறது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் குடியேற்றங்களும் இப்பெருக்கத்தில் பங்குகொண்டன. விழுகின்ற கோட்டினுள்ளே இவ்வளவு பெரிய ஏற்றம் மறைந்து கிடந்தது.

இதற்குப் பரிகாரம் எளிது. மட்டக்களப்பு என்னும் ஒரு நிரலை இரண்டாகப் பிரியுங்கள். பழைய மட்டக்களப்பு என்னும் நிரலில் 1953 வரையுள்ள எண்கள் இருக்கட்டும். இன்றைய மட்டக்களப்பு என்னும் நிரலில் 1963 இலிருந்து வரும் எண்கள் இருக்கட்டும். கோடு தானாகவே இரண்டாகும். 1961 இல் மெல்லிய நிலைக்குத்துக் கோடு ஒன்றை இட்டு, மாவட்டம் பிரிந்தது என்று எழுதிவிடுங்கள்.

நான்காவது, வெற்றிடம். இதுவே இப்பேச்சின் மையம். 1991 இல் யுத்தம் காரணமாக இலங்கையில் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 ஆம் ஆண்டு மதிப்பீடு அம்பாறையில் முழுமையாக நடந்தது. அங்கு 592,997 பேர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அதனை முழுமையாக நடத்த இயலவில்லை. 2007 இல் கிழக்கில் தனியாக ஒரு கணக்கெடுப்பு நிகழ்ந்தது. அது நாடு முழுவதுக்குமான மதிப்பீடு அன்று. ஆகவே 1981 க்குப் பின் இவ்விரு மாவட்டங்களுக்கும் முழுமையான மதிப்பீட்டு எண் 2012 இலேயே கிடைத்தது. அதனை அடுத்த மதிப்பீடு 2024 இல் நடந்தது.

அட்டவணையில் 2001 என்னும் நிரையில், அம்பாறையின் கட்டத்தில் எண் உண்டு. மற்றை இரு கட்டங்களும் வெறுமையாக உள்ளன. இந்த வெறுமையை என்செய்வது? நான்கு வழிகளை மாணவர் கையாளக் காணலாம்.

சிலர் வெற்றுக் கட்டத்தில் பூச்சியம் இடுவர். அப்போது மட்டக்களப்பின் கோடு 2001 இல் தரைக்கு வீழ்ந்து மீண்டும் எழும். எண்ண இயலாமையும் எவரும் இல்லாமையும் ஒன்றல்ல.

சிலர் வெற்றுள்ள நிரைகளையெல்லாம் நீக்கிவிடு என்று கணினிக்கு ஆணையிடுவர். 1961 க்கு முன் அம்பாறையின் கட்டங்களும் வெறுமையானவையே ஆதலின், அந்த ஆணை 1953 வரையுள்ள எல்லா நிரைகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். எஞ்சுவன 1963, 1971, 1981, 2012 என்னும் நான்கு ஆண்டுகள் மட்டுமே.

சிலர் வெற்றை வெற்றாகவே விடுவர். இதுவே நேர்மையானது; கணினியும் அவ்விடத்தில் கோட்டை முறித்துக் காட்டும். ஆனால் இங்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. கோடு என்பது இரண்டு புள்ளிகளை இணைப்பது. 2001 வெறுமையானால், 2012 இன் புள்ளி இணைவதற்குத் துணையின்றித் தனித்து நிற்கும். புள்ளியைத் தனியாகக் குறி என்று நாம் சொல்லாவிடின், கணினி அதனை வரையவே வரையாது. மட்டக்களப்பின் 526,567 பேரும் திருகோணமலையின் 379,541 பேரும் அட்டவணையில் இருந்தும் படத்தில் இல்லாதவர் ஆவர். பிழை நேர்ந்தது என்று கணினி ஒரு சொல்லும் சொல்லாது. ஆதலின் ஒவ்வொரு மதிப்பீட்டையும் சிறு வட்டத்தால் குறி என்னும் ஆணையை எப்போதும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

நான்காவது வழி, 1981 ஐயும் 2012 ஐயும் நேர்கோட்டால் இணைத்தல். பார்வைக்கு இது அழகாயிருக்கும். நம் வாவியைக் குறுக்கே கடந்து, எழுவான்கரையில் ஒரு கம்பும் படுவான்கரையில் ஒரு கம்பும் நாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினால், கயிறு நேராகவே நிற்கும். கீழேயுள்ள ஆழம் எவ்வளவு, சுழி எங்கே என்பது கயிற்றுக்குத் தெரியாது. 1981 க்கும் 2012 க்கும் இடையில் நம் மக்கள் இடம்பெயர்ந்தனர்; மீண்டனர்; கடல் கடந்து சென்றனர்; யுத்தத்தில் மாண்டனர். 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்து வந்து எழுவான்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. நேர்கோடு இவற்றுள் ஒன்றையும் அறியாது. ஆண்டுதோறும் ஒரே அளவாக, அமைதியாக, மக்கள் பெருகினர் என்று அது சொல்லும். அப்படி அவர்கள் வாழவில்லை என்பதை நாம் அறிவோம். இணைத்தே ஆகவேண்டும் என்றால் முறிகோட்டால் இணைத்து, இவ்விடையில் முழுமையான மதிப்பீடு இல்லை என்று அருகே எழுதுக. மதிப்பிட்டுச் சொன்ன எண்களைச் சேர்ப்பதாயின் அவற்றுக்கு வேறு குறியைத் தருக.

பிளேஃபெயர் ஸ்கொத்லாந்துக்குக் கோடு வரைய மறுத்ததை இப்போது நினைவுகூரலாம். அவர் கையால் வரைந்தார். இழுக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் முன் நின்று எண்ண அவருக்கு நேரம் இருந்தது. இன்று இமைப்பொழுதில் கோடு தோன்றிவிடுகின்றது. நின்று எண்ணும் வேலையை நாமே வலிந்து மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.

வரைபு முடிந்தபின் செய்யவேண்டியவை சில உண்டு. கோடுகளின் பெயர்களை ஒரு மூலையில் அடுக்காமல், ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் அதன் பெயரை எழுதுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பள்ளியின் அச்சுப்பொறி கருமையில் மட்டும் அச்சிட்டால் மூன்று நிறமும் ஒன்றாகிவிடும். ஒன்றை முழுக்கோடாகவும் ஒன்றைப் புள்ளிக்கோடாகவும் அமைத்தால் யாவரும் பிரித்தறிவர். எண்கள் எங்கிருந்து பெறப்பட்டன என்பதை, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் எந்த ஆண்டு அறிக்கை என்பது வரை, படத்தின் அடியில் குறிப்பிடுங்கள்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரின் ஏதேனும் இரண்டு தொடர்களை எடுங்கள். பள்ளியின் மாணவர் இடாப்பு, சங்கத்தின் மீன் கொள்வனவுக் கணக்கு, மழைமானியின் மாதக் குறிப்பு, எதுவாயினும் ஆகுக. அகல் வடிவத்தில் அட்டவணை ஆக்கி, கணினியில் வரையுங்கள். பின்னர் கோடு விழும் இடத்தையும், முறியும் இடத்தையும், பாயும் இடத்தையும் விரலால் தொட்டு, அந்த ஆண்டில் ஊரில் என்ன நடந்தது என்று வீட்டிலுள்ள பெரியோரைக் கேளுங்கள். இடாப்பில் 1978 நவம்பருக்குப் பின் மாணவர் குறைந்திருந்தால், சூறாவளி வந்ததை உங்கள் பாட்டனார் சொல்வார். அந்த விடையைக் கோட்டின் அருகே எழுதுங்கள். அதை எழுதிய பின்னரே உங்கள் வரைபு முற்றுப்பெறும்.